நடவு வயலில் பாலுக்கு ஒரு நேரம் கேட்டு

அனுப்புநர்:
செவ்வந்தி, பி.ஏ.,
க/பெ. தங்கையன்,
கீழத்தெரு, கீழச்சிறுகோட்டகம்,
வெண்ணாற்றங்குடி வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு. வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
வெண்ணாற்றங்குடி.

பொருள்: விவசாயத் தொழில் – சம்பா நடவு – முத்தரப்பு ஒப்பந்தம் – வெற்றிலைக்கும் தேநீருக்கும் நேரம் குறிக்கப்பட்டிருப்பது – கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க நேரம் குறிக்கப்படாமல் விட்டுப்போனது – அமாவாசைக்கு முன் ஒரு வரி சேர்த்துத் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் முன்னிலையில் கையெழுத்தான சம்பா பருவ ஒப்பந்தம், பத்திகள் 6, 7.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது:

1. நான் வேதாரண்யத்தில் உப்பளத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, கும்பகோணத்தில் பி.ஏ. வரலாறு படித்துத் தேறி, கீழச்சிறுகோட்டகத்தில் வாழ்க்கைப்பட்டவள். பாபர் முதல் பகதூர் ஷா வரை வரிசையாகச் சொல்லத் தெரியும். அதற்கு இந்தப் பக்கத்தில் யாரும் கூலி தருவதாக இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, கடிதம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று மாமியார் திருமதி பொன்னுத்தாயுடன் நடவுக்குப் போய்வருகிறேன். எனக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை இருக்கிறது. எங்கள் வீட்டில் மாமனார் ஒரு கொடி, என் கணவர் ஒரு கொடி. குழந்தைக்குப் பெயர் வைப்பதில் கணவரின் கொடி வென்றதால் அவள் எழிலரசி ஆனாள். கணவர் பஸ் கண்டக்டராகத் திருச்சிப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார். ஆகவே இந்த மனுவில் அவருக்கு வேலை இல்லை.

2. இம்மனு தாமதமாக வருகிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் ஆடிக் கடைசியில் ஆனது. இப்போது ஆவணி முடியப்போகிறது. தாமதத்துக்கு முதற் காரணம், நான் ஒரு பத்தி எழுதுவதற்குள் குழந்தை அழுதுவிடுவாள். (இந்தப் பத்தியிலும் அழுதாள்.) மற்றொரு காரணம் கொஞ்சம் சங்கடமானது. இம்மனுவில் குறை சொல்லப்படுகிறவர்கள் இரண்டு பேர். முதலாமவர் பண்ணைக் காரியக்காரர் திரு. ரெத்தினம். இரண்டாமவர் எங்கள் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் திரு. இராஜாங்கம். அவர் என் மாமனார். தினமும் அவருக்குச் சோறு போடுகிறவள் நான். ரசம் ஊற்றிக்கொண்டே ஒருவர்மீது புகார் மனுவுக்கு வாசகம் யோசிப்பது எவ்வளவு சிரமம் என்பதை ஐயா அவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. ஒப்பந்தம் கூடாது என்பது என் வாதம் அல்ல. அது எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அறுவடையின்போது வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியதும், எங்கள் தெரு மொத்தமும் வரப்பில் மறித்துப் படுத்ததும், பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் இருந்ததால் பிள்ளைகள் அரசமரத்தடியில் வாய்ப்பாடு சொன்னதும் தாங்கள் இந்த வட்டத்துக்கு வருமுன் நடந்தவை. என் மாமனார் அப்போது அடிபட்டு வலது தோளைத் தூக்க முடியாமல் போனவர். பறை அடித்துக் கூப்பிட்டுக் கூலி சொன்ன காலம் போய், மிராசும் தொழிலாளியும் அரசாங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போடும் காலம் வந்திருப்பது பெரிய காரியம். வரலாறு படித்தவள் இதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். என் குறை, அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை பேரும் மீசை வைத்தவர்கள் என்பது மட்டுமே.

4. எங்கள் பக்கத்து நடவைத் தாங்கள் ஜீப்பில் போகும்போது பார்த்திருக்கலாம். பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒவ்வொருத்திக்கும் கை எட்டுகிற அகலம். கைக்குழந்தைக்காரிகள் வரப்பிலுள்ள புங்கமரக் கிளையில் பழைய சேலையை ஏணையாகக் கட்டிக் குழந்தையைப் போட்டிருப்பார்கள். குழந்தை அழுதால் தாய் கரையேறுவாள். அவள் விட்ட இடத்தை இடப்பக்கத்தவள் பாதியும் வலப்பக்கத்தவள் பாதியுமாகக் கையை அகட்டி நட்டுக்கொண்டு போவார்கள். திரும்பி வந்தவள் அவர்களுடைய பங்கில் கொஞ்சம் நட்டுக் கழித்துவிடுவாள். இதற்குக் 'கை கொடுக்கிறது' என்று பேர். பண்ணைக்கு ஒரு நாற்றுக்கூடக் குறையாது. வரிசையில் பல் விழுந்த மாதிரி சந்தும் தெரியாது. சில சமயம் மரத்துக்குக் கிட்டத்தில் இருப்பவளே போய், அழுகிறது யார் பிள்ளை என்று பார்க்காமல் மடியில் போட்டுக்கொள்வதும் உண்டு. எனக்கு வலப்பக்கம் நடும் அம்சம் என்பவளின் மகன் ராசு என் பாலையும், எழிலரசி அம்சத்தின் பாலையும் குடித்திருக்கிறார்கள். எந்தக் காலத்திலும் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நடந்ததுதான் இப்போது வினையாகிவிட்டது.

5. ஒப்பந்தத்தின் பத்தி 6, காலையில் வெற்றிலை பாக்குக்கும் பிற்பகலில் தேநீருக்கும் நேரம் தருகிறது. என் மாமனார் வாதாடி வாங்கிய பத்தி இது. அதற்கு ஈடாக மிராசுத் தரப்பு கேட்டு வாங்கியது பத்தி 7: "மேற்கண்ட நேரங்கள் தவிர வேறு எக்காரணம் கொண்டும் ஆட்கள் வேலை நேரத்தில் கரையேறலாகாது." இந்த வரி வந்ததற்குக் காரணம் ஆண்கள். ஏரோட்டுகிறவர்களும் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுகிறவர்களும் பீடி பற்றவைக்கக் கரையேறினால் பீடி அணைந்தாலும் இறங்குவதில்லை என்பது பண்ணையின் பழைய புகார். அந்தப் புகார் உண்மை என்று என் மாமியாரே சாட்சி சொல்வார். பீடிக்காகப் போட்ட வேலியில் எங்கள் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள்.

6. நடவு தொடங்கிய அன்று ராசு அழுதான். அம்சம் வழக்கம்போலக் கரையேறினாள். காரியக்காரர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒப்பந்த நகலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அங்கே நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். சாட்சிக்கு வரிசை முழுவதும் உண்டு.

"வெத்தலைக்கு நேரம் போட்டிருக்கு. தேத்தண்ணிக்கு நேரம் போட்டிருக்கு. பாலுன்னு எங்க போட்டிருக்கு? பி.ஏ. அம்மா, நீயே வந்து படிச்சுச் சொல்லு" என்றார். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தேன். போட்டிருக்கவில்லை. போட்டிருக்கவில்லை என்று வாயால் சொல்லவும் வேண்டியிருந்தது.

"அப்ப புள்ளைக்கு வெத்தலையையே மடிச்சுக் குடுத்துடவா, காரியக்காரரே? சுண்ணாம்பு எவ்வளவு தடவணும்னு அதுல போட்டிருக்கா பாருங்க" என்றாள் அம்சம்.

வரிசையே சிரித்தது. காரியக்காரரும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார் என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ஆனால் சிரித்து முடித்ததும், "எறங்கி நடு" என்றார். அம்சம் இறங்கினாள். ராசு தேநீர் நேரம்வரை அழுதான்.

7. சரி, வெற்றிலை நேரத்தில் கொடுத்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எழிலரசி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவள். வெற்றிலை நேரம் வந்தால் அயர்ந்து தூங்குவாள். தட்டி எழுப்பினால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். காலைக் கிள்ளினால் என் மூக்கைப் பிடித்து இழுப்பாள். நேரம் முடிந்து நான் சேற்றில் காலை வைத்த பிறகுதான் பசி அவள் நினைவுக்கு வரும். அவள் அழுதால் எனக்குப் பால் சுரக்கும். அவள் அழாமல் ராசு அழுதாலும் சுரக்கும். அடுத்த வயலில் கன்றுக்குட்டி கத்தினாலும் சுரக்கிறது. ரவிக்கை நனைந்து, குனிந்த வாக்கில் நாற்றின்மேல் சொட்டுகிறது. பண்ணைக்கு இது இலவச உரம் என்று என் மாமியார் சொல்வார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஏனென்றால் பால் இப்படிக் குடிக்கப்படாமல் நின்றால் கட்டிக்கொள்கிறது. மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்து ஒரு நாள் படுத்தேன். எழுந்த பிறகு பால் குறைந்த மாதிரி ஒரு பயம். அன்றிலிருந்து குழந்தையின் உள்ளங்காலைப் பார்ப்பதும், தொடையை அமுக்கிப் பார்ப்பதும், ரேஷன் கடைத் தராசில் உட்கார வைத்துப் பார்ப்பதுமாக இருக்கிறேன். கடைக்காரர், "சீனி வாங்க வந்தியா, புள்ளைய விக்க வந்தியா?" என்று கேட்டார். வலி பொறுக்காவிட்டால் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வைத்தியம். வலி போய்விடும், கூடவே பாலும் வற்றிவிடும். ஒரு முழம் வாங்கிவந்து, தலையில் வைக்கவும் மனமில்லாமல் மார்பில் கட்டவும் துணிவில்லாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் அதைப் பிடுங்கிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டார்.

8. இந்த நிலையில் பண்ணை வீட்டு அம்மாள் திருமதி பிரகதாம்பாள் அவர்களுக்குச் செய்தி எட்டியது. அவர் இரக்கமுள்ளவர், அதில் சந்தேகமில்லை. தம் வீட்டுப் பேரப்பிள்ளைக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்த பால்மாவு டப்பாக்களையும் இரண்டு பாட்டில்களையும் வயலுக்கே அனுப்பி வைத்தார். "அவங்களும் நட்ட மாதிரி இருக்கும், பிள்ளைகளும் குடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லியனுப்பினாராம். டப்பாவின்மேல் ஒரு குழந்தைப் படம். எங்கள் தெருக் குழந்தைகளை எல்லாம் சேர்த்து நிறுத்தாலும் அந்தக் கனம் வராது.

டப்பாவில் எழுதியிருந்தது ஆங்கிலம் ஆகையால், படித்துச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும். மாவைக் கரண்டியால் தலைதட்டி அளந்து போட வேண்டும். மிச்சமானதைக் கொட்டிவிட வேண்டும். நான் வரப்பில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என் மாமியார், "கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, அளந்து போட்டு... அதுக்குள்ள புள்ளை பள்ளிக்கூடம் போயி மூணாப்பு பாஸாயிடும்" என்றார். வயலில் அடுப்பு ஏது? வாய்க்கால் தண்ணீரில் பாட்டிலை அலசி, அதே தண்ணீரில், நாற்று முடிக்கட்டு சுமக்கும் ஆட்களில் எவர் கை ஒழிகிறதோ அவர் கலக்குவது என்று முடிவாயிற்று. டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் தண்ணீரைக் கூட்டி மாவைக் குறைத்தார்கள். எழிலரசி ரப்பரை வாயில் வைத்ததும் துப்பிவிட்டாள். ராசு சமர்த்து. கொடுத்ததைக் குடித்தான்.

9. இரண்டொரு நாளில் ராசுவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அம்சமும் நானும் அவனை டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினோம். மடியில் கிடந்தவன் அழவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. உச்சிக்குழி உள்வாங்கிக் கண் சொருகியிருந்தது. அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி இரவு முழுக்க வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா அம்சத்தின் நனைந்த ரவிக்கையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு பாலை வெச்சுக்கிட்டா புள்ளைக்கு வாய்க்கால் தண்ணி குடுத்தே?" என்று கேட்டார்கள். தாய்ப்பாலில் கிருமி இல்லை, அதைக் காய்ச்ச வேண்டாம், அளக்க வேண்டாம், ஆறு மாதம்வரை அதுவே போதும், சுரக்கச் சுரக்கக் கொடுத்தால்தான் சுரக்கும், கொடுக்காவிட்டால் வற்றும் என்றார்கள். பத்தி 7 பற்றி டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ராசு இப்போது பழையபடி ஏணையில் கிடக்கிறான். ஆனால் கால் இன்னும் குச்சியாகத்தான் இருக்கிறது. பாட்டிலில் ஒன்று எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் அளக்கப் பயன்படுகிறது. இதைப் பிரகதாம்பாள் அம்மாளுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

10. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று இரண்டாமவரான என் மாமனாரிடம் முறையிட்டேன். "மாமா, பாலுக்கும் ஒரு நேரம் கேட்டிருக்கலாமே" என்றேன். அவர், "ஒப்பந்தத்துல ஒரு பத்திய மட்டும் தொறக்க முடியாதும்மா. நாம ஏழத் தொறந்தா அவங்க ஒண்ணத் தொறப்பாங்க. ஒண்ணுல கூலி இருக்கு" என்றார். இது உண்மையான பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுப்பங்கரையிலிருந்து என் மாமியார், "அஞ்சு புள்ளைக்கு நான் கரையேறி எறங்கினவ. அதெல்லாம் மறந்து போச்சு, வெத்தலை மட்டும் ஞாபகம் இருந்துச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் செயலாளருக்கு வீட்டில் வெற்றிலை மடித்துக் கொடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. சங்கம் இதை வேலைநிறுத்தமாக அங்கீகரிக்கவில்லை.

11. பிறகு காரியக்காரரிடம் போனேன். அவரும் நின்று பதில் சொன்னார், விரட்டவில்லை. "எனக்கென்னம்மா வீம்பு? 'எழுதினது எழுதினபடி நடக்கணும்'னு மேசையத் தட்டினது யாரு? உன் மாமனார். நாளைக்கு உன்னைக் கரையேற விட்டா, பத்து ஆம்பளை பீடியோட ஏறி நின்னு 'அவளுக்கு மட்டும் என்ன சட்டம்'னு கேப்பான். நான் எங்க போறது?" என்றார். அத்தோடு விட்டிருந்தால் இம்மனு இன்னும் தாமதமாகியிருக்கும். மறுநாள் அவர் வேறொரு வழி கண்டுபிடித்துவிட்டார். அமாவாசைக்கு மறுநாளிலிருந்து கைக்குழந்தைக்காரிகள் நடவுக்கு வர வேண்டாம். "உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று அறிவித்திருக்கிறார்.

எங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள் நாலு பேர். எனக்காவது கணவர் சம்பளம் வருகிறது. அம்சத்தின் புருஷன் போன வருஷம் மரத்திலிருந்து விழுந்து இடுப்போடு கிடக்கிறவர். சம்பா நடவு விட்டால் அவளுக்குத் தை அறுப்புவரை வேலை கிடையாது. அதனால் அவள் ஒரு முடிவு செய்துவிட்டாள். ராசுவை வீட்டில் போட்டுவிட்டு, அவனுக்குப் பால் மறக்கடித்தாயிற்று என்று காரியக்காரரிடம் சொல்லி நடவுக்கு வரப்போகிறாள். நடும்போது சுரந்து காட்டிக்கொடுக்காமல் இருக்க, அமாவாசை அன்று மல்லிகைப் பூ கட்டிப் பாலை வற்ற வைக்கப்போவதாக என்னிடம் சொன்னாள். நான் கத்தினேன். அவள் கோபப்படாமல், "பால் கட்டினா பூவைக் கட்டலாம், தங்கச்சி. வயிறு காஞ்சா எதைக் கட்டறது?" என்று கேட்டாள். பிழைத்து வந்து சில நாளே ஆன ராசுவுக்கு இனி வாய்க்கால் தண்ணீரும் வடிகஞ்சியும்தான். இன்னொரு முறை பஸ் சமயத்துக்கு வரும் என்று என்ன நிச்சயம்?

12. சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். பாதி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வு போக நாளுக்கு இரண்டு தடவை பால் கொடுக்க விட வேண்டும் என்று சொல்கிறது. தொழிற்சாலைக்குச் சொல்கிறது, சுரங்கத்துக்குச் சொல்கிறது, தேயிலைத் தோட்டத்துக்குச் சொல்கிறது. நெல் வயலுக்குச் சொல்லவில்லை. நீலகிரியில் கொழுந்து கிள்ளுகிறவளின் பிள்ளைக்குள்ள பசிதான் கீழச்சிறுகோட்டகத்துப் பிள்ளைக்கும் என்பதை நிரூபிக்க வேண்டுமானால், எழிலரசியைத் தங்கள் அலுவலகத்தில் அரை நாள் விட்டுப் பார்க்கலாம். மேலும், அளவோடு பெற்றுக்கொள்ளச் சொல்லி அரசு எங்கள் பஞ்சாயத்துச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்திருக்கிறது. அதை மதித்து இதுவரை ஒன்றே ஒன்றுதான் பெற்றிருக்கிறேன். அந்த ஒன்றை வளர்க்க விடுங்கள் என்று கேட்பது பேராசை ஆகாது.

13. எனவே ஐயா அவர்கள் தயவு செய்து, பத்தி 7-இன் கீழ் இந்த விளக்கத்தை மட்டும் சேர்த்து உத்தரவிட வேண்டுகிறேன். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும்:

"கைக்குழந்தை உள்ள பெண்கள் குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை, பால் கொடுக்கத் தேவைப்படும்போது கரையேறலாம். அவர்கள் நடவை வரிசையிலுள்ள மற்றவர்கள் கை கொடுத்து ஈடுசெய்வர். இதற்காகக் கூலிப் பிடித்தமோ வேலை மறுப்போ கூடாது. இவ்விளக்கத்தால் ஒப்பந்தத்தின் வேறெந்தப் பத்தியும் மறுபரிசீலனைக்கு வராது. பீடி இதில் சேராது."

கடைசிக்கு முந்தைய வரி என் மாமனாரின் பயத்துக்காக. கடைசி வரி காரியக்காரரின் பயத்துக்காக. இத்துடன், வயலில் பால்மாவு கலக்குவதை நிறுத்தும்படி பண்ணைக்கு அன்போடு எடுத்துச் சொல்லவும், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா நடவுக் காலத்தில் ஒரு தடவையாவது எங்கள் வரப்புக்கு வந்து பால் கட்டிக்கொண்டவர்களைப் பார்க்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அடுத்த பேச்சுவார்த்தையில் மேசையருகே பெண்களுக்கும் இரண்டு நாற்காலி போட்டால் நல்லது. நாற்காலி பற்றாக்குறை என்றால் பாய் போதும்.

14. கையெழுத்திடுமுன் இம்மனுவை என் மாமனாருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். குறை சொல்லப்படுகிறவருக்கு அறிவிப்புக் கொடுப்பது முறை என்பதால் செய்தேன். அவர் கோபிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கே நெனச்சேன்மா. வாய் வரைக்கும் வந்துச்சு. எதிர்ல மிராசு, நடுவுல தாசில்தாரு, சுத்திப் பத்து ஆம்பளைங்க. அத்தனை பேருக்கு நடுவுல பொம்பளைங்க பால் குடுக்கறதப் பத்தி எப்படிம்மா பேசுவேன்? நாக்கு எழலை" என்றார். போலீஸ் தடிக்கு முன் நாக்கு எழுந்தவர் இவர். பிறகு வாய்க்கால் மதகில் காரியக்காரரைக் கண்டபோது, மாமனார் சொன்னதை நானே சொன்னேன். அவர் குடைக்கம்பியைத் திருகிக்கொண்டு, "நானும் செயலாளர் அந்தப் பேச்சை எடுப்பாருன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். அவரு எடுக்கலை, நான் எப்படி எடுக்கறது?" என்றார். ஐயா அவர்களும் அன்று அப்படித்தான் காத்திருந்தீர்களா என்று கேட்பது என் தகுதிக்கு மீறியது. ஆகவே கேட்கவில்லை.

15. நாளைக் காலை இம்மனுவை என் மாமனாரே சைக்கிளில் எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வருகிறார். காரியக்காரரும் பண்ணை வேலையாக நாளை அங்கேதான் இருப்பார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டாலும் சரி, அந்தப் பேச்சைத் தாங்கள் முதலில் எடுத்துவிட வேண்டுகிறேன். அரசாங்கமே பால் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிறகு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இரண்டு பேருமே நல்லவர்கள். அமாவாசைக்குள் அது நடந்துவிட்டால், அம்சம் அன்று பூ வாங்க வேண்டியதில்லை. வேறு எந்த உத்தரவும் அவளைத் தடுக்காது.

பேனா மறந்துபோயிற்று என்று யாரும் சொல்லாதபடி, மாமனாரின் சட்டைப்பையில் மை நிரப்பி ஒன்று வைத்து அனுப்புகிறேன்.

தங்கள் ஒரு வரியை வரப்பில் நின்று எதிர்பார்க்கும்,

இடம்: கீழச்சிறுகோட்டகம்
நாள்: 12-9-1974

(ஒப்பம்) செவ்வந்தி, பி.ஏ.

உடன்படுவோர்:
அம்சம் – இடது பெருவிரல் ரேகை
தனபாக்கியம் – இடது பெருவிரல் ரேகை
ஆனந்தவல்லி – (ஒப்பம்)
சாட்சி: பொன்னுத்தாய், நடவு வரிசைத் தலைவி – இடது பெருவிரல் ரேகை